நுரைச்சோலை தாண்டினால் மீன்

கார்கள் பேசத் தொடங்கிவிட்ட காலத்திலும் முத்தலிபு நானாவின் வீட்டில் மாமியாரும் மருமகனும் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. மரியாதை.

சமையலறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் பச்சைப் பூப்போட்ட திரை ஒன்று தொங்கும். அந்தப் பக்கம் மாமி கமறியா, நானாவின் மனைவி. இந்தப் பக்கம் மருமகன் றிப்தி. மருமகனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்று அறிய வேண்டுமென்றால் மாமி திரைக்குப் பின்னாலிருந்து மகளைக் கூப்பிடுவார்.

"அஸ்ரியா, மாப்பிள்ளைக்குச் சோறு போதுமாண்டு கேளு."

றிப்தி இரண்டு முழம் தள்ளியிருந்து இதைத் தெளிவாகக் கேட்பான். கேட்டாலும், மனைவி தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போதும்ண்டு சொல்லுங்க" என்பான். மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று பள்ளிவாசல் லெப்பையே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "மார்க்கத்துல இல்லாட்டிப் போகட்டும். எங்கட உம்மா என்ட புருசனுக்கு முன்னால வந்ததில்ல" என்று மாமி முடித்துவிட்டார்.

அஸ்ரியா ஆசிரியை. அவள் பள்ளிக்கூடத்தால் வரப் பிந்துகிற நாட்களில் இந்தத் தூது வேலை எனக்கு வரும். அந்த மேசையில் பகல் சாப்பாட்டுக்கு நிரந்தரமாக ஒரு கதிரை பிடித்து வைத்திருப்பவன் நான். ஊர் உடப்பு, பெயர் வீரகத்தி. ஏத்தாளையில் முத்தலிபு நானாவின் வளவு முன்னறையில் தண்ணீர் மோட்டார் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். கற்பிட்டிப் பக்கத்து மணலில் வெங்காயமும் மிளகாயும் வளர்வது மண்ணை நம்பி இல்லை, மோட்டாரை நம்பி. மோட்டார் நிற்கிற நாளில் என்னைத் தெய்வமாகப் பார்ப்பார்கள். திருத்திய பிறகு மூன்றாம் நாள் மறுபடி நிற்கும்போது என்னவாகப் பார்ப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வாடகைக்கு நானா வாங்குகிற தொகையைவிட ராத்தா எனக்குப் போடுகிற சோறு கூடப் பெறுமதி. மாட்டிறைச்சி சமைக்கிற நாளில் எனக்கென்று தனிச் சட்டியில் முட்டை பொரியும். கமறியாவை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். கூடப்பிறந்த அக்கா இப்படிப் பார்த்ததில்லை.

இந்தப் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அஸ்ரியா ஒரே பிள்ளை. றிப்தியின் தாய் சபூரா, புத்தளம் டவுனில் தனியாக இருக்கிற விதவை. சீதனமாகக் கைக்கூலி ஒரு சதமும் வேண்டாம் என்று சொல்லித்தான் மகனைக் கொடுத்தார். அந்த வார்த்தை முத்தலிபு நானாவைக் குத்திக்கொண்டே இருந்தது. "கேட்டிருந்தா பேரம் பேசிக் கொறச்சிருப்பன். கேக்காம உட்டதால நித்திர இல்லாமப் போச்சு" என்பார். வெளிநாட்டு வாகனங்களுக்கு இருந்த தடையை எடுத்துக் கப்பலைத் திறந்துவிட்ட வருஷம், ஒரு போக வெங்காயத்தை அப்படியே கொடுத்து நீல நிறத்தில் சின்னப் புதுக் கார் ஒன்றை மருமகனுக்கென்று கொண்டுவந்து முற்றத்து முருங்கைக்குக் கீழே நிறுத்தினார்.

கார் கொண்டுவந்து தந்த கம்பனிப் பையன் ஒரு புதினம் சொன்னான். காருக்குள்ளே ஒரு சிம் இருக்கிறதாம். கார் எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது, கதவு பூட்டியிருக்கிறதா, பெற்றோல் எவ்வளவு என்று அது தானாகவே போனுக்குச் சொல்லும். முதல் வருஷம் இலவசம். கார் புத்தகம் முத்தலிபு நானாவின் பெயரில் இருந்ததால் அவருடைய போனிலேயே அதைப் போட்டுவிட்டான். அந்த நேரம் றிப்தி வேலையில் நின்றான். அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஒளிக்க வேண்டுமென்று இல்லை. சொல்ல மறந்தார்கள். பிறகு சொல்லக் கூச்சப்பட்டார்கள்.

றிப்தி முந்தல் பக்கத்து இறால் பண்ணைகளுக்குத் தீன் விற்கிறவன். கூடவே குளத்துத் தண்ணீரையும் சோதித்துக் கொடுப்பான். இறாலுக்கு நேரம் காலம் கிடையாது. ஒரு குளத்தில் இறால் தலைகீழாக மிதந்தால் பகல் சாப்பாடு நாலு மணிக்குப் போகும். எல்லாம் சுகமென்றால் ஒரு மணிக்கே வந்துவிடுவான். ஆனால் எத்தனை மணிக்கு வந்தாலும், கை கழுவி மேசைக்கு வருகிறபோது சோற்றில் ஆவி பறக்கும். விளை மீன் பொரியல் தட்டில் இன்னும் சிணுங்கிக்கொண்டிருக்கும். ஒரு வருஷமாக இப்படித்தான்.

"அண்ணன், மாமிக்கு ஒரு கஸ்பு இருக்கு" என்று என்னிடம் ஒருநாள் சொன்னான். கஸ்பு என்றால், அவுலியாக்கள் என்கிற இறைநேசர்கள் மறைவானதை உள்ளத்தால் அறிகிற வரம். "அவுலியாமாருக்குத்தான் இருக்குமாம். எங்கட மாமிக்கும் இருக்கு."

நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டு தலையாட்டினேன்.

அந்த வரம் குசினியில், உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது. முத்தலிபு நானாவின் போன் அவருடையது என்பது பேருக்குத்தான். காலை பத்து மணிக்குப் பிறகு அது ராத்தாவின் கையில். ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் படத்தில் வெள்ளைக் கட்டம் கட்டமாகத் தெரிவது பாலாவி உப்பளம் என்றும், கடலுக்குள் நீட்டிக்கொண்டு கிடப்பது நுரைச்சோலை அனல்மின் நிலையத்து இறங்குதுறை என்றும் அவராகவே கண்டுபிடித்துவிட்டார். சின்ன நீலக் கார் உப்பளத்தடியில் கற்பிட்டி றோட்டுக்குத் திரும்பினால் அரிசி உலையில் விழும். நுரைச்சோலையைத் தாண்டினால் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும்.

கார் வந்த புதிதில் அஸ்ரியாவைத்தான் அவனுக்குப் போன் போடச் சொன்னாராம். ஒருநாள் அவள் போட்டபோது றிப்தி போனைத் தடவித் தேட, பாலாவியில் குறுக்கே வந்த மாடு மயிரிழையில் தப்பியது. "ஓட்டுற மனிசனுக்கு இனி கோல் எடுக்காத" என்று மகளுக்கு அன்றே சட்டம் போட்டுவிட்டார். மீன் சூடாக இருக்க வேண்டும், மருமகன் உயிரோடும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து வழி சொன்னது அந்தக் கார்தான்.

முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசாத மருமகனிடம் அந்த மாமி ஒரு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தது அந்தச் சூட்டில்தான்.

வருஷம் முடிந்தது.

கச்சான் காற்று மணலை அள்ளி எறிந்துகொண்டிருந்த ஒரு முற்பகல். ஒரு மோட்டாரின் வயிற்றைக் கிழித்துப் போட்டுவிட்டு எப்படித் தைப்பது என்று தெரியாமல் நான் இருந்தபோது நானா போனோடு வந்தார். பின்னால் ராத்தாவும் வந்து கதவு நிலையில் நின்றார்.

"வீரகத்தி, இங்கிலீசுல என்னமோ வந்திரிக்கி. வாசி பாப்பம்."

என் ஆங்கிலம் மோட்டார்ப் பெட்டிகளில் படித்தது. "மேல் பக்கம்", "நனைக்காதே" இரண்டும் நன்றாகத் தெரியும். அந்த அறிவை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தேன். இலவசம் முடிந்துவிட்டது, இனி மாசா மாசம் கட்ட வேண்டும், ஒரேயடியாக வருஷத்துக்குக் கட்டினால் கொஞ்சம் குறையும்.

"எவ்வளவாம்?"

சொன்னேன்.

"மாசத்துக்கு ஒண்டரைக் கிலோ விளை மீன்" என்றார் ராத்தா. அந்த வீட்டில் எல்லா விலையும் மீனில்தான் கணக்கு.

"கார் வாங்கினது நான். றோட்டு அரசாங்கத்துட. பெற்றோல் மருமகன்ட. கம்பனிக்காரனுக்கு என்னத்துக்குக் குடுக்கிற?" என்றார் நானா.

"எங்க வாறாருண்டு காட்டுறதுக்கு."

"வந்தாத் தெரியும்தானே, வந்திட்டாருண்டு!"

"வந்த பொறகு அடுப்பு மூட்டுனா எப்ப சாப்பிடுற? மீன் பொரியங்காட்டியும் மனிசன் வெறும் தட்டப் பாத்துட்டு இரிக்கிறதா?"

"எங்கட உம்மா பொரிச்ச மீன ஆறித்தான் தின்னன். நான் வளரல்லியா?"

"வளந்த கோலத்தத்தானே இருவத்தாறு வருசமாப் பாக்கிறன்."

நானா என் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார். "காசு ஒரு பக்கம் கெடக்கட்டும், வீரகத்தி. சும்மா கெடச்சத சும்மா பாத்தம். அது ஒரு மாதிரி. இனிமேக் காசு கட்டிப் பாத்தா அதுக்கு என்ன பேரு? உளவு. மாமா காசு குடுத்து உளவு பாக்கிறாருண்டு மருமகனுக்குத் தெரிஞ்சா, நாளைக்கு அவர் முகத்த நான் எப்புடிப் பாக்கிற? கைக்கூலி வேணாம்ண்டு வந்த புள்ள அது."

அதில் நியாயம் இருந்தது. ராத்தா சொன்னதிலும் இருந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டிருப்பது புத்திசாலிகளின் வேலை. நான் சொன்னேன்: "கட்ட வேணாம் நானா. ராத்தாட கைக்கு நேரம் தெரியும். ஒரு வருசம் பழகின கை."

ராத்தா என்னைப் பார்த்த பார்வையில் அன்றைக்கு எனக்கு மீன் தலை மட்டும்தான் என்று விளங்கியது.

நீலக் கார் படத்திலிருந்து போய்விட்டது. உப்பளம் இருந்தது, களப்பு இருந்தது, றோட்டு இருந்தது. றோட்டில் யாரும் வரவில்லை.

முதல் நாள் ராத்தா ஒன்றரை மணிக்கு வருவான் என்று மனக்கணக்குப் போட்டுப் பொரித்தார். றிப்தி மூன்றுக்கு வந்தான். மீன் வாழைத்தண்டு மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. இரண்டாம் நாள் மூன்றுக்கென்று இருந்தார். ஒன்றுக்கே வந்து கை கழுவிவிட்டு மேசையில் உட்கார்ந்தான். திரைக்கு அந்தப் பக்கம் சட்டியும் கரண்டியும் அடிபடுகிற சத்தம். பதற்றத்தில் விழுகிற சத்தம்தான். ஆனால் கோபத்தில் போடுகிற சத்தமும் அப்படித்தான் இருக்கும். இந்தப் பக்கமிருந்து கேட்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. மூன்றாம் நாள் மீனைச் சூடாக்கிப் போட, அது செருப்புத் தோலாகி வந்தது.

"வீரகத்தி தம்பி, மாப்பிள்ளைக்கிட்ட மீன் எப்புடிண்டு கேளுங்க" என்றது திரை.

"மீன் எப்படியாம்" என்றேன்.

"நல்லம்ண்டு சொல்லுங்க" என்றான் றிப்தி, தாடையை இரண்டு பக்கமும் அசைத்துக்கொண்டு.

ஒரு கிழமை இப்படிப் போனபோது அவன் என் கடைக்கு வந்து மோட்டார்ப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தான். மெலிந்த, உயரமான பிள்ளை. உப்புத் தண்ணீரில் நின்று நின்று காற்சட்டையின் கீழ்ப்பாதி வெளுத்திருக்கும்.

"அண்ணன், நான் என்னமும் பிழை விட்டனா?"

"என்ன பிழை?"

"தெரிஞ்சா உங்களுக்கிட்ட வருவனா? போன ஜும்ஆக்கு வட்டலப்பம் ரெண்டாந்தரம் வேணாம்ண்டன். அதுவா? இல்லாட்டி, எங்கட உம்மாட பால் ஆணக் கறியப் பத்தி அஸ்ரியாக்கிட்ட ஒரு கதை சொன்னன். நல்லாயிருக்கும்ண்டுதான் சொன்னன். மாமிக்குக் கேட்டிருக்குமோ?"

"அதெல்லாம் இல்ல தம்பி."

"அப்ப ஏன் அண்ணன் மீன் ஆறிக் கெடக்குது? ஒரு வருசம் ஒரு நாளும் ஆறல்ல. மாமி என்னோட கதைக்கிறதில்ல, சரி. ஆனா சாப்பாடு மேசைக்கு வரக்குள்ள எனக்கு வெளங்கும், இந்த வூட்டுல நான் வேணும்ண்டு. இப்ப வேற என்னமோ வெளங்குது."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வாயைத் திறக்கக்கூடாதென்று நானா என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். அதுவும் கடை வாடகையைப் பற்றிப் பேசிய அதே மூச்சில். ஆகவே இன்னொரு யோசனை சொன்னேன். "வெயில் காலம், ராத்தாக்கு அடுப்படியில ஏலாமப் போகுதோ என்னமோ. வாற வழியில ஏதும் கடிச்சிட்டு வாங்களன். அவருக்கும் பாரம் குறையும்."

நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்டான். முந்தல் சந்திக் கடையில் றொட்டியும் பருப்பும் தின்றுவிட்டு வரத் தொடங்கினான். வீட்டுக்கு வந்து இரண்டு பிடி அளைந்துவிட்டு எழும்பினான். திரைக்குப் பின்னால் ராத்தா தட்டில் மிஞ்சிக் கிடந்த மீனைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் யோசனைகள் எல்லாம் என் மோட்டார்கள் மாதிரி. முதல் நாள் நன்றாக ஓடும்.

வியாழக்கிழமை நடந்ததுதான் எனக்கு விளங்கவேயில்லை. வராத பசியை வரவைக்க வேண்டுமென்று ராத்தா அன்றைக்கு நெய்ச்சோறு ஆக்கி, பாரை மீனைப் புளி ஆணம் காய்ச்சி, தட்டில் மலையாகக் குவித்து மகள் கையில் கொடுத்து அனுப்பினார். றிப்தி அந்த மலையைப் பார்த்தான். முகம் சாம்பலாகப் போனது. ஆனால் மாமியின் மனசை ஆற்ற இதுதான் வாய்ப்பென்று நினைத்திருப்பான். ஒரு பருக்கை விடாமல் தின்றான். நெற்றியிலிருந்து வியர்வை தட்டில் விழுந்தது. எழும்பும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினான். அன்று அஸர் தொழுகைக்குக் குனிய முடியாமல் அவன் பட்ட பாட்டை லெப்பை பிறகு சொல்லிச் சிரித்தார்.

அடுத்த திங்கள் அஸ்ரியா தாயிடம் வாயைத் திறந்தாள். நான் மேசையில் இருந்தேன். எழும்பிப் போயிருக்கலாம், ஆனால் தட்டில் கருவாட்டுச் சம்பல் இருந்தது.

"உம்மா, முந்தல்ல ஒரு சின்ன வூடு வாடகைக்கு இரிக்காம். இவர்ட வேலைக்குக் கிட்ட. அடுத்த மாசம் போய் இருந்து பாப்பமாண்டு கேக்கிறார்."

"என்னத்துக்குப் புள்ள?"

"உங்களுக்குக் கரைச்சலாம். ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும் அடுப்ப மூட்டிக்கிட்டு நிக்கிறீங்களாம்."

"எனக்குக் கரைச்சல்ண்டு ஆரு சொன்ன?"

அஸ்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்லல்ல உம்மா. சாப்பாட்டுல தெரியிதாம்."

ராத்தா திரும்பி அடுப்படிக்குப் போனார். அங்கே நடமாட்டச் சத்தமே இல்லை. அந்தக் குசினி அப்படி மௌனமாக இருந்து நான் கண்டதில்லை. ஒரே மகள் வீட்டைவிட்டுப் போகிறாள் என்பது அவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று, சம்பலைத் தின்று முடிக்க மனம் வராமல் தட்டைத் தள்ளிவைத்தபோது எனக்கே கொஞ்சம் விளங்கியது.

மறுநாள் பகல் முத்தலிபு நானா கடைக்கு வந்து, "வா, டவுனுக்குப் போவம்" என்றார்.

"எதுக்கு நானா?"

"கேக்காம வா."

பஸ்ஸில் அவர் வாயே திறக்கவில்லை. பாலாவியில் உப்பளத்தைக் கண்டதும் மட்டும், "இதுதான் அந்த வெள்ளக் கட்டம்" என்றார். கற்பிட்டி றோட்டில் பிறந்து வளர்ந்த மனிதர் உப்பளத்தை அன்றுதான் முதலாவதாகப் பார்க்கிறவர் மாதிரிப் பார்த்தார். கம்பனி முகவரின் கடையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளையிடம், "ஒரு வருசத்துக்கு" என்றார். "இடையில நிப்பாட்டினா காசு திருப்பித் தரமாட்டம் அங்கிள்" என்று அந்தப் பிள்ளை எச்சரித்தாள். "நிப்பாட்டுற எண்ணம் இல்ல மகள்" என்றார். பற்றுச்சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"உளவு எண்டீங்களே நானா?"

"உளவுதான். புள்ள வூட்டோட இருக்கும்ண்டா உளவு பாத்திட்டுப் போறன். மறுமையில கேட்டா நான் பதில் சொல்லுறன். நீ வாயப் பொத்திட்டு இரி."

இன்னும் கொஞ்ச நேரத்தில் கார் படத்தில் வந்துவிடும் என்று அந்தப் பிள்ளை சொல்லியிருந்தாள். ராத்தா நாளைக்கே பழையபடி மீனைச் சூடாகப் போடுவார், யாரும் யாருக்கும் ஒன்றும் விளக்கத் தேவையில்லை. இதுதான் நானாவின் திட்டம். நல்ல திட்டம். திரும்பி வந்து பஸ்ஸால் இறங்கியபோது நீலக் கார் முருங்கைக்குக் கீழே நின்றது. றிப்தி வந்துவிட்டிருந்தான். வாசலில் செருப்பைக் கழற்றுகிறபோது உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரிந்த குரல், தெரியாத இடத்திலிருந்து.

"மகன், இதப் பாருங்க."

ராத்தா திரைக்கு இந்தப் பக்கம் நின்றார். முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தார். மேசையில் றிப்திக்கு முன்னால் போனை வைத்துவிட்டு, தட்டைத் தரும்போது தள்ளுவது போல அதை இரண்டு விரலால் முன்னால் தள்ளினார். அஸ்ரியா சுவரோடு ஒட்டிக்கொண்டு வாயைப் பிளந்தபடி நின்றாள்.

நானா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அடுத்தவர் கதையைக் கேட்கக்கூடாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆகவே அசையாமல் நின்று கேட்டோம்.

"இதுல ஒங்கட கார் தெரியும். உப்பளத்துல திரும்பினா நான் சோறு போடுவன். நுரைச்சோலை தாண்டினா மீன் போடுவன். இப்பக் காசு கட்டல்லண்டு நிப்பாட்டிப் போட்டானுவள். எனக்கு நீங்க வாற நேரம் தெரியாமப் போச்சு. அவ்வளவுதான் மகன். வேற ஒண்டும் இல்ல. வூட்ட உட்டுப் போகாதீங்க."

இத்தனை வார்த்தைகளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

றிப்தி போனைப் பார்த்தான். கனநேரம் பார்த்தான். நானாவின் பிடி என் கையில் இறுகியது.

"எப்ப இருந்து மாமி?"

"கார் வந்த கொஞ்ச நாள்ல இருந்து."

"அப்ப நான் போற எடம் எல்லாம்..."

"போற எடம் நான் பாக்கல்ல மகன். வாற பாதையத்தான் பாத்தன்."

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு மிகவும் மெல்ல, "வியாழக்கிழமை?" என்றான்.

ராத்தா நிலத்தைப் பார்த்தார். "வியாழக்கிழமை கார் பாலாவியில திரும்பாது. நேர டவுனுக்குப் போகும். உம்மாட வூட்டு வாசல்ல நிக்கும். அண்டைக்கு நான் பாதிச் சோறுதான் போடுவன். போன வியாழன் கார் தெரியாததால போயிருக்க மாட்டீங்கண்டு நெனச்சிட்டன்."

"அல்லாஹ்வே!" என்றான் றிப்தி. நெற்றியில் கையை வைத்துக்கொண்டான். "நான் ஒரு வருசமா நெனச்சன் மாமி, வியாழக்கிழமை மட்டும் இந்த வூட்டுல அரிசி கொறவாக்கும்ண்டு. போன வியாழன் அந்த நெய்ச்சோறு... உம்மாட வூட்டுல முழுத் தட்டு திண்டுட்டுத்தான் வந்தன். எனக்கு மூச்சு நிண்டுபோச்சு."

முதலில் சிரித்தது அஸ்ரியா. பிறகு ராத்தா முக்காட்டுத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"உம்மா தனிய இருந்து சாப்பிடுவா மாமி. கிழமையில ஒரு நாளாவது பக்கத்துல இருப்பம்ண்டு போறது. உங்களுக்குத் தெரிஞ்சா கவலைப்படுவீங்கண்டு சொல்லல்ல."

"பெத்தவட கையால திங்கிறதுக்கு என்னத்துக்கு மகன் ஒளிப்பு? போகாட்டித்தான் நான் கவலைப்படணும்."

றிப்தி போனைக் கையில் எடுத்தான். "மாமாவும் இதப் பாக்கிறவரா?"

"அவருக்கு அதத் திறக்கவே தெரியாது" என்றார் ராத்தா, கண்ணை இமைக்காமல்.

சட்டைப்பைக்குள் நாலாக மடித்த பற்றுச்சீட்டோடு நின்ற மனிதருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் போன் ஒரு தடவை மணி அடித்தது. மேசையடியில் இருந்த மூவரின் கண்ணும் படத்தில் விழுந்தது. நீலக் கார் வந்துவிட்டது.

நானா இருமிக்கொண்டு உள்ளே போனார். "என்ன, எல்லாரும் நிக்கிறீங்க?"

றிப்தி மாமாவின் முகத்தைப் பார்த்தான், சட்டைப்பையைப் பார்த்தான். மெல்லிய வெள்ளைத் துணிக்குள்ளால் கம்பனிச் சின்னம் சிவப்பாகத் தெரிந்துகொண்டிருந்தது.

"ஒரு வருசத்துக்கா மாமா கட்டினீங்க?"

"வீரகத்திதான் கட்டச் சொன்னான்" என்றார் நானா.

என் பெயரில் ஒரு நல்ல யோசனை பதிவானது அன்றுதான் முதல் தடவை. நான் மறுக்கவில்லை.

முந்தல் வீட்டுக்காரனுக்கு வேண்டாம் என்று றிப்தி அன்றே சொல்லி அனுப்பினான். சிரிப்பில் எல்லோரும் மறந்துவிட்ட மீன் சட்டியில் கறுத்துப் போனது. அவன் அதையும் தின்றான்.

பிறகு வந்த வியாழக்கிழமை, றிப்தி வேலைக்குப் போகும்போது ராத்தா ஒரு தூக்குச் சட்டியில் விளை மீன் பொரியலைக் கட்டிக் கொடுத்தார். "உம்மாக்கு. ஆறினாலும் பரவாயில்லண்டு சொல்லுங்க மகன்." பகல் இரண்டு மணிக்கு ராத்தாவின் கையிலிருந்த போன் அடித்தது. சபூரா உம்மா. சம்பந்திகள் இருவரும் பெருநாளுக்கு மட்டும் கதைத்துக்கொள்கிறவர்கள்.

"ராத்தா, மீன் தேன் மாதிரி. ஒங்கட மருமகன் இப்பதான் எழும்பினான். ரெண்டு இடியப்பமும் கொஞ்சம் ஆணமும்தான் குடுத்தன். முக்கால் வயிறு ஒங்களுக்கு மிச்சம் வெச்சிரிக்கன்."

அதிலிருந்து வியாழக்கிழமைகளில் அது ஒரு ஏற்பாடாகிவிட்டது. கார் எங்கே நிற்கிறது என்று மட்டும்தான் கம்பனிக்குத் தெரியும். அதை ஓட்டுகிறவனின் வயிற்றில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று சபூரா உம்மா சொல்வார், ஒரு சதம் வாங்காமல். மற்ற நாட்களில் றிப்தியே முந்தலில் காரை எடுக்க முன்னம் மாமிக்குப் போன் போடுகிறான். "மாமி, வெளிக்கிடுறன்." "சரி மகன், பாத்து வாங்க." இதற்கு மேல் இருவருக்கும் கதைக்க ஒன்றுமில்லை. இருந்தும் சில நாட்களில் காற்றைப் பற்றியும், எந்தக் குளத்து இறால் சாகிறது என்பதைப் பற்றியும் கொஞ்சம் நீளும்.

கஷ்டப்பட்டுக் காசு கட்டிய மனிதர் ஒருவர் மிச்சம். அந்த அழைப்பு முடிந்தால் போன் இப்போது நானாவின் கையில் சும்மா கிடக்கிறது. ஒரு முழு வருஷம், திருப்பித் தரமாட்டார்கள். அவர் மேசைத் தலைமாட்டில் கதிரையைப் போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கிரிக்கெட் வர்ணனையாளன் மாதிரிச் சத்தம் போடுகிறார்.

"பாலாவி! திரும்பிட்டார்! நிக்கிறார்... மாடு போல... இல்ல, ஓடுறார்! நுரைச்சோலைக்கு வந்திட்டார்! கமறியா, கேக்குதா? நுரைச்சோலை!"

குசினியில் எண்ணெய் ஏற்கெனவே பொரிந்துகொண்டிருந்தது.

"கேக்குது, கேக்குது" என்றார் ராத்தா. "மீன் போட்டுக் கன நேரம்."